வெட்டுக்கு முன்னால் உள்ள நேரம்

1

இப்படியொரு கட்டுரை எழுத இருப்பதாகச் சொன்னபோது, கவிதை எழுதும் நண்பர் ஒருவர், ‘வீடியோ கேமா? அப்புறம் தாயக்கட்டை பற்றியும் எழுதிவிடுங்கள்’ என்றார். தாயக்கட்டை பற்றி எழுதக்கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. நண்பரின் கேலியில் இருந்த நிச்சயம்தான் உறுத்தியது. ஒரு பொருளைக் கலை என்று ஒப்புவதற்கோ மறுப்பதற்கோ முன்னால், அதன் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது என்று ஒரு காரியம் இருக்கிறது. அதைச் செய்யாமல் வரும் தீர்ப்பு, எந்தப் பக்கம் விழுந்தாலும், ஜாதி அபிமானத்துக்கு மேல் ஒன்றுமில்லை. தெருக்கூத்தைப் படித்தவர்கள் பாமரர் கேளிக்கை என்று ஒதுக்கிவைத்திருந்த காலம் உண்டு. விடியவிடிய எதிரில் உட்கார்ந்து பார்த்த சிலரால்தான் அந்த நிலை மாறியது. ந. முத்துசாமி அதில் நவீன நாடகத்துக்கு ஒரு வழியைக் கண்டார்; 1977ல் கூத்துப்பட்டறை பிறந்தது.

வீடியோ கேம்களில் பெரும்பாலானவை குப்பை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாவல்களிலும் பெரும்பாலானவை அப்படித்தான். குப்பைக்கு நடுவில் எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்பதற்குத்தான் விமர்சனம் என்று ஒன்று இருக்கிறது. முப்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு ஆட்டம் ஆடப்பட்டு வருகிறது என்றால், அந்தக் கேள்வியை அதனிடமும் கேட்கலாம்.

நான் எடுத்துக்கொள்வது ‘ஸாமுராய் ஷோடௌன்’. ஜப்பானில் இதன் பெயர் ‘ஸாமுராய் ஸ்பிரிட்ஸ்’. ஒஸாகாவைச் சேர்ந்த எஸ்.என்.கே. கம்பெனி 1993 ஜூலையில், காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காக இதை வெளியிட்டது. பன்னிரண்டு வீரர்களில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, கையில் ஆயுதத்தோடு, ஒருவருக்கொருவர் எதிரில் நின்று வெட்டிக்கொள்ளும் ஆட்டம். சொல்லப்போனால் கதை இவ்வளவுதான்.

2

நான் இதை முதலில் பார்த்தது 2000ஐ ஒட்டிய வருஷங்களில், தாம்பரத்தில் ஒரு ப்ரௌஸிங் செண்டரில். மணிக்கு இருபது ரூபாய். இன்டர்நெட் பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம் உட்கார, மறு பக்கத்து இரண்டு கம்ப்யூட்டர்களில் பையன்கள் ஒரே கீபோர்டில் நான்கு கைகள் வைத்து ஆடுவார்கள். ஜப்பானிய இயந்திரத்தை வேறு இயந்திரத்துக்குள் பாவனை செய்யும் எமுலேட்டர் வழியாக, விலை கொடுக்காமல் வந்து சேர்ந்த ஆட்டம் அது. நம் ஊருக்கு நல்ல விஷயங்கள் எப்போதும் இப்படிப் புறவாசல் வழியாகத்தான் வந்திருக்கின்றன. குரோஸாவாவும் ஃபிலிம் சொஸைட்டியில் கோடு விழுந்த பிரதியாகத்தான் நம்மிடம் வந்தார்.

இப்போது நாவலூரில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பழைய மாமல்லபுரம் சாலை. 2023 அக்டோபரில் இங்கே சுங்க வசூலை நிறுத்திவிட்டார்கள். சாலையின் அவசரம் அதனால் கொஞ்சமும் குறைந்துவிடவில்லை. சிறுசேரியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் என்னோடு தங்கியிருக்கிறான். இரவு ஷிப்ட். பகலில் தூக்கம் வராதபோது என் கம்ப்யூட்டரில் ஏதாவது ஆடுவான். பழைய ஸாமுராய் ஆட்டங்களை 2020ல் ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டார்கள். அதை வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் அவனை எதிரில் உட்காரவைத்தேன்.

அவன் விரல்கள் என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகமானவை. ஆனாலும் வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றான். ‘என்ன மாமா இது, ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது, நடந்தா செத்துப்போயிடறேன்’ என்றான். இந்த ஆட்டத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

ஏன் அப்படி என்பதற்கு ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லவேண்டும். நான்கு பொத்தான்கள். இரண்டு வாளுக்கு, இரண்டு காலுக்கு. வாளுக்கான இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பெருவீச்சு. அது சரியாக விழுந்தால் எதிரியின் உயிர்க்கோட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடும். தவறினால், வாள் தாழ்ந்து மறுபடி நிமிர்வதற்குள், வீசியவன் முழுதாகத் திறந்துகிடப்பான். அந்த இடைவெளிக்குள் எதிரியின் பெருவீச்சு வந்து இறங்கலாம். ஆகவே அடிப்பது என்பது ஒவ்வொரு தடவையும் பணயம். ஆட்டம் தெரிந்த இருவர் ஆடும்போது பெரும்பகுதி நேரம் இருவரும் ஒன்றும் செய்வதில்லை. ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால். வாள் எட்டும் தூரத்துக்கு ஒரு மயிரிழை வெளியே நின்றுகொண்டு, எதிராளி தவறு செய்வதற்காகக் காத்திருப்பார்கள். விலகினால் காமிராவும் விலகி உருவங்கள் சிறுத்து வெளி விரிகிறது. நெருங்கினால் காமிராவும் நெருங்கி இரண்டு உடல்களும் திரையை அடைத்துக்கொள்கின்றன. தூரம்தான் இந்த ஆட்டத்தின் விஷயம் என்பதைத் திரையே சொல்லிவிடுகிறது.

இதோடு ஒப்பிட வேண்டியது இரண்டு வருஷம் முன்னால் வந்து உலகத்தையே ஆட்டிவைத்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’. ஒரு அடி விழுந்ததும் அது ஆறுமுன் இன்னொன்று, இன்னொன்று என்று கோக்கும் தொடர்அடி அந்த ஆட்டத்தில்தான் பரவலாயிற்று. முதலில் அது தற்செயலாக நேர்ந்தது. தயாரித்தவர்கள் பார்த்துவிட்டு அகற்றாமல் விட்டார்கள். பிறகு இந்த வகை ஆட்டங்களுக்கே அது இலக்கணமாகிவிட்டது. அடுத்தடுத்து வந்தவற்றில் இருபது அடி, முப்பது அடி என்று திரையில் எண் ஓடும். அடி வாங்குபவன் அந்தரத்தில் மிதந்துகொண்டிருப்பான். தனித்தனியாக எந்த அடிக்கும் அர்த்தமில்லை, தொகைக்குத்தான் கைதட்டல்.

இது நமக்குத் தெரிந்த சங்கதி. அடுக்குமொழி என்று இதற்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இருக்கிறது. மேடையிலும் சினிமா வசனத்திலும் மோனை மோனையாக வந்து விழும் சொற்கள், ஒன்றின் பொருள் மனசில் இறங்குமுன் அடுத்தது, எதிராளிக்குப் பேச இடமே இல்லை, முடிவில் கைதட்டல். எந்தச் சொல்லுக்கும் விலை கிடையாது. 1959ல் தொடங்கிய ‘எழுத்து’வைச் சுற்றி எழுந்த புதுக்கவிதைச் சர்ச்சையில் யாப்பு ஒரு சாக்குதான். சொல்லுக்கு விலை உண்டா இல்லையா என்பதுதான் சண்டை. ஒரு சொல்லைப் போட்டால் அதற்காக எதையாவது இழக்கத் தயாராக இருக்கிறாயா என்பதுதான் புதுக்கவிதை கேட்ட கேள்வி. 1993ல், எல்லாரும் அடுக்கிக்கொண்டே போன ஒரு துறையில், ஒரே வீச்சு போதும் என்று ஒரு ஆட்டம் வந்ததை நான் அந்தச் சண்டையோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்த ஒரு வீச்சுக்குப் பக்கத்தில் வேறு சில ஏற்பாடுகளும் உண்டு. அடி வாங்க வாங்க வாங்குபவனின் உக்கிரம் ஏறும். அது நிறைந்ததும் உடல் சிவந்து, அவன் வாளுக்கு வேகம் கூடிவிடும். ஜெயித்துக்கொண்டிருப்பவன் அப்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும். இரண்டு வாள்கள் ஒரே சமயத்தில் மோதிப் பின்னிக்கொண்டால், தள்ளுமுள்ளில் தோற்றவனின் வாள் பறந்துபோய்த் தரையில் குத்திட்டு நிற்கும். அதைப் போய் எடுக்கும்வரை அவன் வெறுங்கையன். மிக நன்றாக ஆடுபவனுக்கும் இது நேரும். மேலே இருப்பவன் எப்போதும் மேலேயே இருக்க இந்த ஆட்டத்தில் இடமில்லை.

சிறு வயசு ஞாபகம்தான் காரணம், வேறொன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். என் வயசுக்காரர்கள் பலருக்கு அது உண்மையாக இருக்கலாம். என் அக்கா மகன் பிறந்ததே 2000க்குப் பிறகு. அவனுக்கு இதில் ஞாபகம் எதுவும் கிடையாது. இரண்டாவது வாரம் அவன் பொத்தான்களைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். மூன்றாவது வாரம் என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்தான். இடையில் அறையில் ஒரு மௌனம் வந்திருந்தது. பகல் தூக்கம் கெட்ட ஒரு பையன் நாற்பது விநாடி அசையாமல் திரையைப் பார்த்திருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

3

இந்த ஒற்றை வீச்சு எங்கிருந்து வந்தது? குரோஸாவாவின் ‘ஸன்ஜூரோ’ (1962) பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசிக் காட்சியில் மிஃபூனேயும் நகடாயும் கைக்கெட்டும் நெருக்கத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஏறக்குறைய அரை நிமிஷம். சினிமாவில் அரை நிமிஷம் என்பது யுகம். பிறகு ஒரே ஒரு அசைவு. நகடாயின் மார்பிலிருந்து ரத்தம் ஊற்றாகப் பீச்சியடிக்கிறது. அதுவரை ஜப்பானியத் திரை கண்டிராத ரத்தம். அதற்குப் பின்னால் வந்த வாள் படங்களின் ரத்தப் பீச்சல்கள் அந்தக் காட்சிக்குக் கடன்பட்டவை. இந்த ஆட்டத்திலும், தோற்கடிக்கும் கடைசி வெட்டு சரியாக விழுந்தால் அதே பீச்சல். நிறத்தை மாற்றி அதை ரத்தமில்லாததாக ஆக்கிய பதிப்புகளும் பின்னால் வெளிவந்தன.

ஆனால் குரோஸாவாவின் காட்சி ரத்தத்தோடு முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவன் ‘அபாரம்’ என்று சொல்லிவிடுகிறான். ஸன்ஜூரோ அவன்மேல் எரிந்து விழுகிறான். செத்தவன் தன்னைப் போன்றவன், உறையில்லாத வாள். நல்ல வாள் உறைக்குள் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அதாவது, நம்முடைய வியப்பின் முகத்திலேயே அடிக்கிறார் குரோஸாவா. ஆட்டம் ரத்தத்தை எடுத்துக்கொண்டது, திட்டை விட்டுவிட்டது. ஜெயித்தவன் தோள்மேல் வாளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். நாமும் ‘அபாரம்’ என்கிறோம். இது இந்த ஆட்டத்தின் முதல் குறை.

ஆனாலும் இந்தக் குறைக்கு ஒரு பதில் ஆடுபவனின் கைக்குள் இருக்கிறது. படம் பார்ப்பவன் அந்த அரை நிமிஷத்தை வெளியிலிருந்து பார்க்கிறான். ஆடுபவன் அதற்குள் இருக்கிறான். அவன் உணர்வது வீரம் அல்ல, பயம். எப்போது அடி வரும் என்று தெரியாத பயம். தான் அடித்தால் தவறிவிடுமோ என்ற பயம். நம்முடைய வீரக் கதைகளில் மிகவும் குறைவாகச் சொல்லப்பட்ட அனுபவம் இது. நம் சினிமாவின் கதாநாயகன் இருபது பேர் நடுவில் நிற்கும்போது பயப்படுவதில்லை. பயம் இல்லாததால் அவன் சண்டையில் நேரம் என்பதே இல்லை. விக்ரம் நடித்து 2002ல் வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கே ‘சாமுராய்’ என்று பெயர். நமக்கு அந்தச் சொல் வெறும் விறைப்பாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பயத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, அதைப் பழகலாம் என்பதை இரண்டு பேர் எதிரெதிரே ஆடும் இந்த ஆட்டத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

பின்னணியில் நிற்கும் ஒருவனையும் சொல்லவேண்டும். கறுப்பு உடை, முகத்தையும் மூடிய கறுப்புத் துணி, கைகளில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கொடிகள். அடி விழுந்ததும் அடித்தவன் பக்கத்துக் கொடியை உயர்த்துவான். இவன் குரோகோ. கபுகி மேடையில் நடிகர்களுக்குப் பொருள் எடுத்துக் கொடுத்து, ஆடை மாற்ற உதவும் ஆள். கறுப்பு அணிந்திருந்தால் அவன் இல்லை என்று பார்வையாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் கூத்தில் வேஷம் நுழையும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அவர்கள் கைலி கட்டியிருப்பது நம் கண்ணில் படுவதில்லை. காணாமல் இருக்கக் கற்பது எல்லா நாடகத்துக்கும் முதல் பாடம். இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அந்தக் காணாத ஆளை எடுத்து, எல்லாரும் காணும்படி நடுவராக நிறுத்திவிட்டார்கள். சண்டை நடக்கும்போதே தபால்காரன் ஒருவன் குறுக்கே ஓடி, சாப்பாடோ காசோ வெடிகுண்டோ எறிந்துவிட்டுப் போவான். இதெல்லாம் நடப்பது மேடைமேல், உண்மையில் அல்ல என்ற பிரக்ஞை அதனால் கலைவதேயில்லை. ரத்தம் சகிக்கக் கூடியதாக இருப்பது இதனால்தான். யதார்த்தத்துக்காக மூச்சைப் பிடிக்கும் இன்றைய ஆட்டங்களில் ரத்தம் மட்டும் இருக்கிறது, குரோகோ இல்லை.

4

பன்னிரண்டு பேரில் நான் ஆடுவது எப்போதும் ஒருவனை மட்டும்தான். உக்யோ தாச்சிபானா. மெலிந்தவன். வாளை உறையிலேயே வைத்திருப்பான். உருவி வெட்டி மறுபடி உறையில் இடுவது ஒரே அசைவு. ஹைக்கூ எழுதுவான். அவனுக்கு க்ஷயரோகம். நடுவில் இருமுவான்.

நான் வளர்ந்த இடத்தில் க்ஷயம் என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயர். தாம்பரம் சானடோரியம் என்று தினமும் சொல்லி டிக்கட் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தோன்றும் என்று தெரியவில்லை. டாக்டர் சௌரி முத்து 1928ல் அங்கே காச நோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கினார். காற்று நன்றாக இருக்கும், ஊருக்கு வெளியே இருக்கிறது என்பதுதான் அப்போது அந்த இடத்தின் பெருமை. என் சித்தப்பா ஒருவர் அங்கே சில மாதங்கள் இருந்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அழைத்துப் போவார். வாசலோடு நிறுத்திவிடுவார்கள்.

சித்தப்பா நிறையப் பேசுகிறவர். வாய் ஓயாது என்று பாட்டி திட்டுவாள். அங்கே போனபிறகு அவர் பேச்சு மாறிவிட்டது. நீளமாக ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நடுவில் இருமல் வந்து அறுத்துவிடும். ஆகவே எதைச் சொல்லவேண்டும் என்று முதலில் யோசித்துக்கொள்வார். பிறகு இரண்டு வார்த்தை. ‘குடை எடுத்தியா?’ ‘அம்மா தூங்கறாளா?’ அவ்வளவுதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு செலவு. அந்தச் செலவைத் தெரிந்துகொண்ட மனிதன் பேசிய அந்த இரண்டு வார்த்தைகள், அதற்கு முன் பத்து வருஷம் அவர் பேசியதைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

உக்யோவை ஆடும்போது அந்த ஞாபகம் வருகிறது. மற்றவர்கள் சிக்கனமாக இருப்பது தந்திரத்தால். இவன் சிக்கனம் உடம்பிலிருந்து வருகிறது. ஆட்டத்தின் அமைப்பும் ஒரு பாத்திரத்தின் உடம்பும் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது, அது வெறும் கேளிக்கை என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. உக்யோவின் நோய் அழகான நோய். வெளுத்த முகம், நீளத் தலைமயிர், உதிரும் பூ. வார்டில் நான் எட்டிப் பார்த்தது வேறு. கட்டிலடியில் மூடி போட்ட எச்சில் குவளை, பினாயில் வாடை, விலா எலும்பு தெரியும் முதுகுகள். க்ஷயத்தை அழகாக்கும் வியாதி ஜப்பானியர்களுக்கு மட்டும் வந்ததில்லை. நமக்கும் உண்டு. புதுமைப்பித்தன் 1948ல் இந்த நோயில்தான் இறந்தார். அவருடைய சாவைப் பற்றி நம்மிடையே பேசப்படும்போது, கஷ்டப்பட்டு நாற்பத்திரண்டு வயசில் செத்ததே அவர் மேதைமைக்கு அத்தாட்சி என்பதுபோல் ஒரு தொனி வந்துவிடுகிறது. சிறுபத்திரிகை எழுத்தாளன் பட்டினியையும் இருமலையும் பதக்கமாகக் குத்திக்கொள்வதற்கு இது ஒரு சௌகரியமான முன்மாதிரி ஆகிவிட்டது. அவர் கதைகளின் சிக்கனத்துக்கு நோய் காரணமல்ல. நோய் வருவதற்கு முன்பே அவர் அப்படித்தான் எழுதினார். நோய் செய்தது ஒன்றே ஒன்றுதான்: எழுதாமல் செய்தது. சித்தப்பாவின் இரண்டு வார்த்தைகளை நான் மெச்சுகிறேன். அதற்காக அவர் அந்தக் கட்டிலில் கிடந்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உக்யோவை எழுதியவர்களுக்கும் இந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

5

ஆட்டத்தின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பேரையும் தாண்டி முடிவில் எதிர்கொள்ளவேண்டிய பிசாசின் பெயர் அமகுஸா ஷிரோ. நல்ல அலங்காரம், மிதக்கும் ஒரு கல், மாயத் தீ. கதை நடப்பது 1788ல். சரித்திரத்தில் அது 1782ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் கடைசிக் கட்டம். உலகத்தைப் பீடித்த தீங்குகளுக்கெல்லாம் இந்தப் பிசாசுதான் காரணம் என்கிறது ஆட்டம்.

அமகுஸா ஷிரோ சரித்திரத்தில் இருந்தவன். 1637ன் கடைசியில் ஷிமபாராவிலும் அமகுஸாவிலும் வரிக் கொடுமை தாளாமல் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட கிறிஸ்தவ மதத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தலைவனாக நின்றவன் பதினாறு பதினேழு வயசுப் பையன். ஹாரா கோட்டைக்குள் அடைந்துகொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். 1638ல் கோட்டை விழுந்தபோது உள்ளே இருந்த முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு விடப்படவில்லை. பையனின் தலையை வெட்டி நாகஸாகியில் பார்வைக்கு வைத்தார்கள்.

அவனைப் பிசாசாக்கியது இந்த ஆட்டம் மட்டும் அல்ல. யமடா ஃபூடாரோ 1960களில் எழுதிய ஒரு நாவலிலும், அதை வைத்து ஃபுகஸாகு 1981ல் எடுத்த படத்திலும் அவன் ஏற்கெனவே செத்துப் பிழைத்த பிசாசாக வந்துவிட்டான். ஆனால் அங்கே அவனுடைய கோபத்துக்கு ஒரு காரணம் கூடவே வருகிறது. ஆட்டத்தில் காரணம் தேய்ந்து தீமை மட்டும் மிஞ்சிவிட்டது. நம் கிராமங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் தெய்வமாகிறான். கழுவேறிய காத்தவராயன் தெய்வமாகிறான். கொன்றவர்களின் வம்சமே வந்து பொங்கல் வைக்கிறது. இது குற்ற உணர்வா தந்திரமா என்று வாதிக்கலாம். ஆனால் கொல்லப்பட்டவனுக்கு ஒரு முறையீடு இருக்கிறது என்பதாவது அதில் ஒப்புக்கொள்ளப்படுகிறது.

சரித்திரம் இந்த விஷயத்தில் ஆட்டத்தைவிடக் கூரானது. ஆட்டத்தின் நாயகன் ஹவோமாரு, மியாமோட்டோ முஸாஷியின் சாயலில் வார்க்கப்பட்டவன். ஜப்பானின் வாள்வீரர்களில் முஸாஷியின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவர் ஷிமபாராவுக்குப் போயிருந்தார்; முற்றுகையிட்டவர்கள் பக்கம். அங்கே உள்ளேயிருந்து குடியானவர்கள் எறிந்த கல் பட்டுக் காலில் காயமடைந்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வாளின் தூரத்தை வாழ்நாளெல்லாம் அளந்த மனிதனுக்குக் கல்லின் தூரம் தெரியவில்லை. இந்தக் கல் ஆட்டத்தில் இல்லை. இருந்திருந்தால் இது இன்னும் பெரிய படைப்பாகியிருக்கும்.

ஸாமுராய் தர்மம் என்பதை ஆட்டமாக்க வேறு ஒரு முயற்சியும் நடந்தது. 1997ல் ப்ளே ஸ்டேஷனுக்கு வந்த ‘புஷிடோ ப்ளேட்’. அதில் உயிர்க்கோடே கிடையாது, கடிகாரமும் கிடையாது. ஒரு வெட்டு சரியாக விழுந்தால் சாவு. காலில் பட்டால் தவழ்ந்துகொண்டு சண்டை போடவேண்டும். முதுகில் வெட்டினாலோ, விழுந்தவனை வெட்டினாலோ, தர்மம் தவறினாய் என்று ஆட்டம் பாதியில் முடிந்துவிடும். கொள்கை அளவில் இது ‘ஷோடௌ’னைவிட ஒரு படி மேல். இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு, ஆடுகிறவர்கள் குறைவு. தர்மத்தைச் சட்டமாக எழுதிவிட்டால் ஆடுபவன் அதைச் சட்டமாகத்தான் கடைப்பிடிப்பான். ‘ஷோடௌ’னில் யாரும் எதையும் தடுப்பதில்லை. அவசரப்படு, குருட்டுத்தனமாக வீசு, ஓடு, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் செலவு உன்னுடையது. நல்ல விமர்சனம் எழுத்தாளனிடம் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான்.

6

எஸ்.என்.கே. கம்பெனி 2001ல் திவாலாயிற்று. பெயர் கை மாறி, மறுபடி உயிர்பெற்று, 2019ல் இந்த ஆட்டத்தைப் புதிய உருவத்தில் வெளியிட்டது. படங்கள் மாறியிருந்தன, பெருவீச்சின் விலை மாறவில்லை. அந்த வருஷம் லாஸ் வேகஸில் நடந்த எவோ போட்டியில் இதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்த அரங்கில் இரண்டு பேர் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருப்பதைக் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. தொடர்அடிக்குக் கைதட்டப் பழகிய கூட்டம் அது. காத்திருப்பதைப் பார்க்கவும் அதற்குப் பொறுமை இருந்திருக்கிறது. வெகுஜன ரசனை என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடும் ஒன்றுக்குள் இப்படியும் சில அறைகள் உண்டு.

போன வாரம் அக்கா மகனுக்கு அமகுஸா ஷிரோவின் கதையைச் சொன்னேன். வரி, கோட்டை, கல், நாகஸாகியில் வைத்த தலை. கேட்டுக்கொண்டே வீரர்களின் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். ‘அப்ப நாம தப்பான பக்கத்துல நிக்கறமா மாமா?’

இந்தக் கேள்வியை ஆட்டம் கேட்கவில்லை, அவன் கேட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருப்பானா என்று எனக்குச் சந்தேகம். ஒரு அடிக்கு முன்னால் நிற்கக் கற்ற மனசு, மற்ற இடங்களிலும் கொஞ்சம் நிற்கிறது என்று ஒரு வேளை சொல்லலாம். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஷிப்ட் வண்டி கீழே ஹாரன் அடித்தது, போய்விட்டான்.

தாயக்கட்டை பற்றிக் கேலி செய்த நண்பர் அடுத்த மாதம் நாவலூர் வருவதாக எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரைத் திரைக்கு எதிரில் உட்காரவைப்பதாக இருக்கிறேன். ஜெயிப்பதும் தோற்பதும் பெரிசில்லை. முதல் அரை நிமிஷம் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும். அவருடைய கவிதைகளைப் பற்றிக் கூடுதலாக ஏதாவது தெரிந்தாலும் தெரியும்.